சென்னைக்குத் துணை நகரம். திருவள்ளூருக்கு யார் துணை?

ஆழ்வார் பாடிய திருவள்ளூருக்கும் ஆழ்வார் பிறந்த திருமழிசைக்கும் இப்போது ‘புதுநகர்’ என்று பெயர். எழும்பூரில் இருக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) அப்படித்தான் சொல்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதைத் தொடர்ந்து வந்த புதுநகர்த் திட்டப் பட்டியலில் இந்த இரண்டோடு மீஞ்சூரும் சேர்ந்துகொண்டது. அமாவாசைதோறும் வீரராகவர் கோயில் குளக்கரையில் நெரிகிற கூட்டத்துக்குத் தாங்கள் புதுநகரவாசிகள் என்பது இன்னும் தெரியாது.

திருவள்ளூர் மாவட்டத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் வாழ்வதற்குத்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து காலையில் சென்னை போகும் மின்ரயிலில் உள்ளூர்ப் பிள்ளைகள் கல்லூரிக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் தொங்கிக்கொண்டு போகிறார்கள். எதிரே வரும் ரயிலில் சிப்காட் தொழிற்பேட்டை ஷிப்டுக்கு ஆட்கள் இறங்குகிறார்கள். மேலாளர்களைச் சென்னையிலிருந்து கம்பெனி பஸ் ஏற்றிவந்து மாலையில் திரும்பக் கொண்டுபோய்விடும். உருக்காலையில் உலை முன்னால் நிற்பவர் ஒடிசாவிலிருந்தோ பிஹாரிலிருந்தோ வந்த ஒப்பந்தத் தொழிலாளி. ஓர் அறையை ஐந்தாறு பேர் பங்கிட்டுக்கொள்ளும் அவரைத்தான் இந்த ஊரின் நிரந்தரவாசி என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ரயில் பாதையும் அத்திப்பட்டைத் தாண்டினால் போக ஒன்று, வர ஒன்றுதான். எக்ஸ்பிரஸ், சரக்கு, மின்ரயில் எல்லாம் அதிலேயே. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயில்மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியபோது இந்தப் பக்கத்தின் பிழைப்பே நின்றுபோனது.

இனி தண்ணீர்க் கணக்கு. சென்னையைச் சுற்றியிருந்து அதற்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஐந்து. பூண்டி 3,231 மில்லியன் கன அடி, புழல் 3,300, சோழவரம் 1,081, கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை 500. இந்த நான்கும் பழைய திருவள்ளூர் மாவட்டத்து ஏரிகள். ஐந்தாவதான செம்பரம்பாக்கம் மட்டும் அந்த மாவட்டத்தில் இல்லை; அதன் கொள்ளளவு 3,645. மொத்தக் கொள்ளளவு 11,757. அதில் திருவள்ளூர்ப் பங்கு 8,112, அதாவது 69 சதவீதம். ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர்கூட ஊத்துக்கோட்டை வழியாகத்தான் பூண்டிக்குள் இறங்குகிறது.

ஏரியோடு விட்டார்களா? 1960-களின் கடைசியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கத்துக் கிணறுகளிலும் சென்னைக்காக நீர் இறைத்தார்கள். கடல்நீர் உள்ளே நுழைந்து மீஞ்சூர்க் கிணறுகள் கரித்தன. பிறகு 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். அதுவும் சென்னைக்கே.

மின்சாரம் தனிக் கணக்கு. வல்லூரில் 1,500 மெகாவாட். வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று கட்டங்களும் சேர்ந்து 2,630. இடம் அத்திப்பட்டுப் பக்கம், பெயர் மட்டும் ‘வடசென்னை’. மின்சாரம் கம்பியில் ஏறிப் போய்விடுகிறது, சாம்பல் இங்கேயே தங்கிவிடுகிறது.

சென்னை பக்கத்தில் இருப்பதால்தானே இங்கே தொழிற்சாலையே வந்தது என்று நகரமைப்பு மேதாவிகள் கேட்பார்கள். இந்த நீரும் மின்சாரமும் எண்ணூர்த் துறைமுகமும் இல்லாமல் அவர்களின் சென்னை ஒரு வாரம் ஓடிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

துணை நகரம் கட்டுவதில் இவர்களின் கைராசி திருமழிசையில் தெரியும். அங்கே துணை நகரம் வரும் என்று 2011-லேயே அறிவித்தாயிற்று. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு காய்கறிச் சந்தையை அந்த இடத்துக்கு மாற்றினார்கள். அந்தத் துணை நகரம் கண்ட பெரிய கூட்டம் அதுதான். வந்தவர்களும் தக்காளி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

பெருநகருக்கு வெளியே புதிய ஊர் என்ற யோசனையை 1898-ல் எழுதிவைத்தவர் இங்கிலாந்தின் எபனேசர் ஹோவர்ட். 1903-ல் லெட்ச்வொர்த் எழுந்தது. அங்கே நிலம் ஊருக்குப் பொது, நிலவாடகை ஊருக்கே செலவாகும் என்பதுதான் திட்டத்தின் உயிர். ஓர் அறக்கட்டளை வழியாக அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. நம்மவர்கள் ஹோவர்டிடமிருந்து வரைபடத்தை எடுத்துக்கொண்டு வாடகையை மறந்துவிட்டார்கள்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் மித அதிவேக ரயிலுக்கு மூன்று வழித்தடங்களை ஆராயப்போவதாகத் தமிழக அரசு சொன்னது. சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு 167 கிலோமீட்டர், வேலூருக்கு 140, கோவை–சேலம் இடையே 185. கும்மிடிப்பூண்டித் திசையில் ஒன்றும் இல்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்தில் தொடங்கும் தடங்களும் தெற்கே திரும்பிவிடுகின்றன. தண்ணீர் தெற்கே போகிற வேகத்தில் ரயில் வடக்கே வருவதில்லை.

ஆகவே புதுநகர்ப் பலகைகளைக் கழற்றிவிட்டு, திருவள்ளூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வளர்ச்சிக் குழுமம் அமைக்க வேண்டும். சென்னைக்குப் போகும் ஒவ்வோர் ஆயிரம் லிட்டருக்கும் ஒரு வாடகை வைத்து, அந்தப் பணத்தில் இங்கே ரயில் தடமும் பள்ளியும் வாடகை வீடும் வரட்டும். பத்தே ஆண்டில் சிப்காட் மேலாளர் கும்மிடிப்பூண்டியில் வீடு தேடி அலைவார். முதல் பில்லைப் பூண்டியிலிருந்து அனுப்பலாம். சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த ஏரிக்கு 1944-லிருந்து பாக்கி இருக்கிறது.