விலை கூடிய ஊசி

குழந்தைப்பேறு சிகிச்சையில் சினைப்பையைத் தூண்டப் போடும் ஹார்மோன் ஊசியில் பழையது ஒன்று, புதியது ஒன்று. பழையது, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுப்பது. இத்தாலியில் கன்னிமடங்களின் முதிய சகோதரிகளிடம் சிறுநீர் சேகரித்துத்தான் அதைத் தயாரித்தார்கள் (பிள்ளை வேண்டாம் என்றவர்களின் கொடை!). அந்தச் சிகிச்சையில் முதல் குழந்தை 1962-இல் இஸ்ரேலில் பிறந்தது. புதியது, ஆய்வகத்தில் வெள்ளெலிச் செல்களில் வளர்த்து எடுப்பது. 1990-களில் வந்தது, விலையும் கூடுதல். அது தூய்மையானது, பேனா வடிவில் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்பதெல்லாம் சரிதான். குழந்தை? 2011-இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் இந்த ஊசிகளை ஒப்பிட்ட 42 சோதனைகளை, 9,606 தம்பதிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உயிருடன் பிறந்த குழந்தைகளின் விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சினைப்பை அளவுமீறித் தூண்டப்படும் ஆபத்திலும் அப்படியே. நகையை அடகு வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. சிலருக்குப் புதியதே பொருந்தலாம். அதற்கான காரணத்தை மருத்துவர் வாய்விட்டுச் சொல்லட்டும். "மலிவான ஊசி எனக்கு ஏன் ஆகாது, டாக்டர்?" என்று கேட்கும் பெண்ணிடம் முகம் சுளிக்க எந்த நியாயமும் இல்லை.