மெக்சிக்கோக் கோழிச் சாறும் நம் பழம்பெருமைப் பேச்சும்



உலகத்துச் சுவையெல்லாம் தமிழன் தந்தது என்று சொல்லும் செய்தி ஒன்று புலனக் குழுக்களில் அடிக்கடி வலம் வருகின்றது. நான் கண்ட ஒன்றில் மிளகாயும் தக்காளியும்கூடத் தமிழர் உலகுக்கு அளித்த கொடைகளாக இடம்பெற்றிருந்தன. அதனைத் தம் பிள்ளைக்குப் படித்துக் காட்டியதாகப் பெற்றோர் ஒருவர் மகிழ்ச்சியோடு என்னிடம் கூறினார். அவருடைய நோக்கத்தில் குறையில்லை. ஆனால், இத்தகைய பேச்சு நம் பிள்ளைகளுக்கு நன்மை செய்யவில்லை என்பதே என் கருத்து. அதனை ஒரு கிண்ணம் கோழிச் சாற்றை வைத்தே விளக்க விரும்புகின்றேன். சில மாதங்களாக எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கொதிப்பது அதுதான்.

மெக்சிக்கோவின் தென்கிழக்கே யுகாத்தான் தீவக்குறை இருக்கின்றது. மாயர் வாழும் மண் அது. இசுப்பானியர் 1542ஆம் ஆண்டில் நிறுவிய மெரிடா நகரம் இன்று யுகாத்தான் மாநிலத்தின் தலைநகர். அந்நகரத்து வீடுகளிலும் உணவகங்களிலும் 'சோப்பா தெ லீமா' என்னும் கோழிச் சாறு பெயர்பெற்றது. லீமா என்பது எலுமிச்சை இனத்துப் பழம். ஒரு முனையில் சிறு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். நம் ஊர் லீமாவ் நிப்பிசைவிடப் புளிப்புக் குறைவு, மணம் கூடுதல். பூவின் வாசனை என்றே சொல்லலாம்.

அப்பழம் நம் சந்தையில் கிடைப்பதில்லை. அதனால் இதனைச் செய்யவே முடியாது என்று கைவிட வேண்டா. லீமாவ் நிப்பிசு இரண்டு, லீமாவ் கசுத்தூரி மூன்று, ஆரஞ்சுப் பழத்தோலின் மேற்சீவல் சிறிதளவு. இம்மூன்றும் சேர்ந்தால் அந்த மணத்துக்குப் பக்கத்திலாவது போய் நிற்கலாம். வெள்ளைப் பகுதி படாமல் தோலைச் சீவ வேண்டும்.

நால்வருக்கு எலும்போடு கூடிய கோழி நெஞ்சுப்பகுதி 600 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர் போதும். ஆறு பல் பூண்டைத் தோலுரிக்காமல் வெறும் தோசைக்கல்லில் கருக வாட்டி, பிறகு உரித்துப் போடுங்கள். பாதி வெங்காயம், பத்து மிளகு, உப்பு, கற்பூரவல்லி இலை இரண்டு. யுகாத்தானில் இடுவது ஓரிகானோ என்னும் வேறோர் இலை. நம் வீட்டு வாசல் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி அந்த வேலையை ஓரளவு செய்துவிடும். (ஆங்கிலத்தில் கற்பூரவல்லிக்கு 'மெக்சிக்கோப் புதினா' என்றும் ஒரு பெயர் உண்டு. அது மெக்சிக்கோவில் தோன்றிய செடியுமன்று, புதினாவுமன்று. பெயரை நம்பி ஊரை முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு வாசல் தொட்டியே சான்று.) சிறு தீயில் நாற்பது நிமிடம் வேகட்டும். கோழியை எடுத்து நாராகப் பிய்த்துக்கொண்டு, சாற்றை வடிகட்டி வையுங்கள்.

இன்னொரு சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த வெங்காயம் ஒன்று, குடைமிளகாய் பாதி, தக்காளி இரண்டு ஆகியவற்றை நன்கு குழைய வதக்கி, வடித்த சாற்றை அதில் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கொதித்தபின் கோழியைச் சேர்த்து அடுப்பை அணைத்துவிட வேண்டும். பழச்சாறும் தோற்சீவலும் நான்கைந்து வட்டப் பழத்துண்டுகளும் அடுப்பு அணைந்த பின்னரே உள்ளே போகவேண்டும். கொதிக்கும்போது போட்டால் மணம் ஆவியாகிவிடும், கசப்பு மட்டும் தங்கிவிடும். மஞ்சள், சோம்பு, பட்டை எதுவும் வேண்டா. கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். காரமும் சாற்றுக்குள் இல்லை. அங்கே அபனேரோ என்னும் கடுங்கார மிளகாயைத் தனியே வைப்பார்கள். நாம் சிலிப்பாடியை அரிந்து ஒரு தட்டில் வைக்கலாம். வேண்டுவோர் எடுத்துக்கொள்வர், பிள்ளைகள் தப்பித்துக்கொள்வர்.

மேலே தூவ, கொத்துமல்லித்தழையும் அவொகாடோத் துண்டும், எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்த சோள ரொட்டிக் கீற்றுகளும். அப்பளத்தை உடைத்துப் போடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். போடலாம். ஆனால் அதற்குப் பிறகு அது வேறு உணவு. தொர்த்தியா எனப்படும் அச்சோள ரொட்டிக்கு ஒரு தனி மணமுண்டு. அந்த மணம் சுண்ணாம்பால் வருவது. ஆம், நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவிய அதே நீற்றுச் சுண்ணாம்புதான். மெக்சிக்கோ மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, பிறகுதான் மாவாக அரைத்தார்கள். தோல் கழல்வதற்கும் மாவு பிசுபிசுப்பாய்ச் சேர்வதற்கும் மட்டுமன்று அது. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்து அப்போதுதான் உடம்பில் சேரும் நிலைக்கு வரும். ஐரோப்பியர் சோளத்தைக் கப்பலேற்றிச் சென்றனர்; சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுச் சென்றனர். விளைவு, சோளத்தையே முழு உணவாக நம்பிய வட இத்தாலி உழவர்களிடையே 18ஆம் நூற்றாண்டில் பெலாக்ரா என்னும் நோய் பரவியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, அறிவும் பேதலிக்கும் நோய். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே கதை. நம் முன்னோரின் அடுக்களை அறிவை உலகம் மதிக்கவேண்டும் என்று கேட்கும் நாம், பிறருடைய முன்னோர் அறிவையும் இப்படி மதித்துப் பேசப் பழகவேண்டுமல்லவா?

இனி, அந்தக் கிண்ணத்துக்குள் எது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சோளம், மிளகாய், தக்காளி, அவொகாடோ நான்கும் மெக்சிக்கோ நிலப்பகுதியில் பயிராக்கப்பட்டவை. சோளம் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பயிரானது. கோழி, எலுமிச்சை இனப் பழங்கள், வெங்காயம், பூண்டு, கொத்துமல்லி, மிளகு ஆகியவை கடல் கடந்து அங்குப் போனவை. கோழியின் மூதாதையான காட்டுக்கோழி தென்கிழக்காசியக் காட்டுப்பறவை; நம் மலேசியக் காடுகளிலும் இன்றும் கூவுகின்றது. மாயரிடம் அதற்கு முன் இருந்தது வான்கோழி. எலுமிச்சை இனத்து விதைகளைக் கொலம்பசு தம் இரண்டாம் பயணத்தில், 1493இல், கரிபியத் தீவுகளுக்குக் கொண்டுசென்றார். அதே வழியில் எதிர்த்திசையில், 16ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கீசியர் கையால் மிளகாய் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

இதற்கு நம் மொழியே சாட்சி சொல்கின்றது. மிளகாய் என்ற சொல்லைப் பாருங்கள். மிளகு போன்று காரமுள்ள காய். முன்பே நம்மிடம் இருந்த மிளகின் பெயரைப் புதிதாக வந்த விருந்தாளிக்குச் சூட்டினோம். இசுப்பானியரும் இதையேதான் செய்தனர்: மிளகு அவர்களுக்குப் பிமியெந்தா, மிளகாய் பிமியெந்தோ. தக்காளியும் அவ்வாறே. மணத்தக்காளி நம் மண்ணுக்குரியது. வெளியிலிருந்து வந்த பெரிய பழம் சீமைத்தக்காளி எனப்பட்டு, காலப்போக்கில் சீமையை உதிர்த்துவிட்டது. தமிழாசிரியருக்கு இதைவிடச் சுவையான பாடம் வேறென்ன வேண்டும்?

இன்னும் கேளுங்கள். நம் பிள்ளைகள் மலாய் வகுப்பில் எழுதும் 'சிலி' என்பது மெக்சிக்கோவின் நாவாட்டில் மொழிச் சொல். யுகாத்தான் சமையலில் லீமாவுக்கு இணையாகப் புழங்கும் புளிப்பு ஆரஞ்சுக்கு அங்கே 'நரஞ்சா' என்று பெயர். அச்சொல் அரபு, பாரசீகம், வடமொழி எனப் பின்னோக்கிப் போய், நாரத்தையோடு உறவுடைய திராவிட வேரில் முடியக்கூடும் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. அவர்கள் சொல் நம் வாயில் இருக்கின்றது. நம் பக்கத்துச் சொல் அவர்கள் வாயில் இருக்கின்றது.

பெருமை ஊட்டாவிட்டால் பிள்ளைகள் தமிழை விட்டுப் போய்விடுவார்களே என்று ஓர் ஆசிரிய நண்பர் என்னிடம் வாதிட்டார். அவருடைய அச்சம் எனக்குப் புரியாததன்று. பதிவுக்கு மாணவர் குறைவதைக் கண்முன்னே காணும் பள்ளிகளில் நாமும் பணியாற்றுகின்றோம். ஆனால் பொய்ப் பெருமையால் அவர்களைப் பிடித்து வைக்க முடியாது. ஆண்டு 5 மாணவன் கைப்பேசியில் அரை நிமிடத்தில் மிளகாயின் தாயகத்தைக் கண்டுபிடித்துவிடுவான். அன்று விழுவது மிளகாய்க் கதை மட்டுமன்று. எகிப்தின் செங்கடற்கரைத் துறைமுகமான பெரெனிக்கேயில் நடந்த அகழாய்வில், இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது. உரோமர் காலத்து மிளகு. சேரநாட்டு மலைச்சரிவுகளில் விளையும் மிளகு. இது மெய். இதனை நாம் வகுப்பில் சொல்லும்போது, "ஐயா மிளகாயையும் அப்படித்தானே சொன்னார்" என்று அவன் சிரித்துவிட்டால், அந்த மெய்யும் சேர்ந்தே போய்விடும். எனக்குக் கவலை அதுதான்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் சாற்றைச் செய்யும் நாளில் பிள்ளையை அடுக்களைக்கு அழையுங்கள். அரி, வதக்கு, வாட்டு, வடி, பிழி, பிய் என்று வேலையைத் தமிழிலேயே சொல்லுங்கள். இவ்வினைச்சொற்களைப் பயிற்றிக்குள் வைத்துக் கற்பிக்க நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். மேசையில் உலகப் படம் ஒன்றை விரித்து, ஒவ்வொரு பொருளையும் அதன் ஊரின்மேல் வைக்கச் சொல்லுங்கள். பூண்டு நடு ஆசியாவில் போய் உட்காரும், சோளம் மெக்சிக்கோவில், மிளகை எங்கே வைப்பது என்று அவர்களே கேட்பார்கள். அப்போது சொல்லுங்கள், உரிய பெருமிதத்தோடு.

மீந்த சாற்றைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதானால், பழத்துண்டுகளையும் தோற்சீவலையும் மறவாமல் எடுத்துவிடுங்கள். இரவெல்லாம் உள்ளே கிடந்தால் மறுநாள் கசக்கும்.