பக்க எண் இல்லாத புத்தகம்

போன மாதம் ஒக்லாந்தில் ஒரு நூல் வெளியீடு. ஊரைவிட்டு வந்த ஒரு பெரியவரின் நினைவுக் குறிப்புகள். மங்கல விளக்கு, பொன்னாடை, நான்கு ஆய்வுரைகள் எல்லாம் நடந்தன. ஒரு பேச்சாளர் நல்லதொரு பந்தியை வாசித்துக் காட்ட விரும்பினார். புரட்டினார், புரட்டினார், கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து சொன்னார். புத்தகத்தில் பக்க எண் இல்லை. எந்தப் பக்கத்தின் மேலும் அத்தியாயத்தின் பெயர் இல்லை.

இங்கே பிறந்த என் மகள் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பவள். “ஸ்கூல் பற்றி எழுதினது எங்க அப்பா?” என்று கேட்டாள். என்னால் காட்ட முடியவில்லை.

விழா முடிந்ததும் இதைச் சொன்னேன். “தம்பி, உள்ளடக்கத்தைப் பாருங்கோ. அதெல்லாம் அச்சகக்காரன்ர வேலை” என்றார் ஒருவர். இந்தப் பதிலோடுதான் என் சண்டை. எழுத்துக் கோத்த காலத்தில் அது சரி. இன்றைக்கு நாங்களே வேர்டில் தட்டி, நாங்களே பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறோம். அனுப்பியதை அப்படியே அடித்துத் தருகிறார்கள். இடையில் வேறு கை இல்லை. அப்படியானால் இது யாருடைய வேலை?

ஏட்டில் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஓலைகளைக் கயிற்றில் கோத்துக் கட்டிய பிறகும் ஓரத்தில் ஏட்டெண் இட்டார்கள். கயிறு ஒருநாள் அறும் என்று அறிந்தவர்கள் அவர்கள்.

சிலர் அத்தியாயப் பெயரைக் கையால் தட்டுகிறார்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்தின் மேலும் முதலாம் அத்தியாயத்தின் பெயரே நிற்கிறது. தட்டவே தேவையில்லை. ஒவ்வோர் அத்தியாயத் தலைப்புக்கும் ‘ஹெடிங் 1’ ஸ்டைலைக் கொடுங்கள். ஹெடரில் ‘ஸ்டைல்ரெஃப்’ என்ற ஃபீல்டைச் செருகி, அதில் ‘ஹெடிங் 1’ஐத் தெரியுங்கள். அந்தந்தப் பக்கம் தன் அத்தியாயப் பெயரைத் தானே எடுத்துக்கொள்ளும். முன்னுரைப் பக்கங்களை ‘செக்‌ஷன் பிரேக்’ போட்டுப் பிரியுங்கள், ‘லிங்க் டு பிரீவியஸ்’ஐ நிறுத்துங்கள், நூலை 1இலிருந்து எண்ணச் சொல்லுங்கள். பொன்னாடை வாங்கப் போய்வரும் நேரம்கூட ஆகாது.

“எல்லாரும் போனில் வாசிக்கிறார்கள், பக்கம் எதற்கு?” என்பவர்களும் உண்டு. அதே ‘ஹெடிங் 1’தான் மின்னூலில் தொட்டால் திறக்கும் பொருளடக்கமாகிறது. அதைச் செய்யாதவருடைய நூல் தாளிலும் தொலையும், திரையிலும் தொலையும்.

இது அழகுக்கான விடயம் இல்லை. பக்கம் சொல்ல முடியாத நூலை ஒருவர் மேற்கோள் காட்ட முடியாது, மறுக்கவும் முடியாது. எங்கள் வரலாற்றை ஒருவரும் எழுதுவதில்லை என்று மேடையில் குறைப்படுகிறோம். எழுதிய ஒன்றிரண்டையும் எவரும் சுட்ட முடியாதபடி அடித்துக் கொடுப்பதும் நாங்கள்தான்.

வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உடைந்த ஒரு வெண்கல மணி இருக்கிறது. 1830களில், நாட்டின் வடக்கே, மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாக அதை வைத்திருக்கக் கண்டவர் வில்லியம் கொலென்சோ. தொழிலில் அவர் அச்சுக்காரர். 1837இல் மாவோரி மொழிப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். மணியின் விளிம்பில் தமிழ் எழுத்து ஓடுகிறது: முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று. ஆளின் பெயர் உண்டு. ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை. அதனால்தான் அது எப்படி இங்கே வந்தது என்று இன்றும் ஊகித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்நாட்டில் வெளியாகும் நூலைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அந்த நூலகமும் வெலிங்டனில்தான். எங்கள் புத்தகங்களும் அங்கே போய்ச் சேரும். பெயர் இருக்கும். எந்த இடத்தில் என்ன சொன்னோம் என்று பேரப்பிள்ளை தேடும்போது, அதுவும் ஊகமாகத்தான் இருக்கவேண்டுமா?