பார்க்ல ஓடுறதுக்கும் காசா? 'பார்க்ரன்' கிளப்பிய கேள்வி நமக்கும்தான்!

சனிக்கிழமை காலை. மொபைல்ல ஒரு பார்கோடு, கால்ல ஒரு ஷூ. அவ்வளவுதான் தேவை. என்ட்ரி ஃபீஸ் இல்லை, மெம்பர்ஷிப் இல்லை. பக்கத்துப் பூங்காவுக்குப் போய் 5 கிலோமீட்டர் ஓடலாம், முடியலைன்னா நடக்கலாம். எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள் என்ற விவரம் இமெயிலில் வந்துவிடும்.

இதுதான் 'பார்க்ரன்'. 2004 அக்டோபரில், லண்டனின் புஷி பார்க்கில் வெறும் 13 பேரோடு தொடங்கியது. அடிபட்டு ஓட முடியாமல் இருந்த பால் சின்டன்-ஹெவிட், 'நாம ஓட முடியலைன்னா என்ன, நண்பர்கள் ஓடட்டும்' என்று ஆரம்பித்து வைத்தார். இன்று 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும்கூட உண்டு.

பார்க்ரன் ஓர் அறக்கட்டளை. தலைமை அலுவலகத்தில் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள், ஸ்பான்சர்களும் உண்டு. ஆனால், ஒவ்வொரு பூங்காவிலும் ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, பார்கோடு ஸ்கேன் பண்ணுவது, வழி காட்டுவது எல்லாமே தன்னார்வலர்கள்தான். கூட்டத்தின் கடைசியில் நடந்து வருபவரும் ஒரு தன்னார்வலரே. அதனால், 'நான்தான் லாஸ்ட்டா வருவேனோ' என்ற கூச்சம் யாருக்கும் வேண்டாம்.

இன்னொரு சுவாரஸ்யம்... பார்க்ரன்னில் ஓடுபவர்களின் சராசரி வேகம் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. அதை அவர்கள் வெற்றியாகவே பார்க்கிறார்கள். ஏன்னா, ஓடிப் பழக்கமே இல்லாதவர்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். 

சிக்கல் ஆரம்பித்த இடம்

2016-ல், பிரிஸ்டல் நகரை ஒட்டிய ஸ்டோக் கிஃபோர்டு என்ற ஊரின் உள்ளாட்சி மன்றம், 'எங்கள் பூங்காவில் வாரா வாரம் சுமார் 300 பேர் ஓடுகிறீர்கள். பாதை தேய்கிறது. பராமரிப்புக்குப் பணம் கொடுங்கள்' என்று முடிவெடுத்தது. 'இலவசம் என்பதுதான் எங்கள் அடிப்படை' என்று பார்க்ரன் மறுத்தது. கடைசியில் அந்தப் பூங்காவில் ஓட்டமே நின்றுபோனது. விவகாரம் தேசிய அளவில் வெடிக்க, இப்படிக் கட்டணம் வசூலிப்பதைத் தடுக்கலாமா என்று 2017-ல் பிரிட்டன் அரசே கருத்துக் கேட்டது.

உள்ளாட்சி கேட்டதில் நியாயமே இல்லையா? கொஞ்சம் இருக்கு. பாதை தேயத்தான் செய்யும். சரிசெய்யப் பணம் வேணும். பிரிட்டனில் பூங்கா பராமரிப்பு உள்ளாட்சிகளுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. அதனால், நிதி குறையும்போதெல்லாம் முதலில் வெட்டு விழுவது பூங்காக்களுக்குத்தான்.

ஆனா, அந்தப் பணத்தை யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல். கட்டணம் வந்தால், வேகமாக ஓடுபவர் எப்படியும் கட்டிவிடுவார். முதல்முறையா, தயங்கித் தயங்கி வரும் அந்தக் கடைசி ஆள்தான் வீட்டிலேயே இருந்துவிடுவார். பூங்கா யாருக்கு அதிகம் தேவையோ, அவரைத்தான் கட்டணம் முதலில் வெளியே தள்ளும்.

நம்ம ஊரிலும் நடந்ததே!

சென்னை மட்டும் விதிவிலக்கா? 2024 அக்டோபரில், மாநகராட்சியின் செயற்கைப் புல்தரை கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடவும், ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கவும் தீர்மானம் வந்தது. அதாவது, 10 பசங்க ஒரு மணி நேரம் ஆட 1,200 ரூபாய்! எதிர்ப்பு கிளம்பியதும் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. நல்ல விஷயம். ஆனால், திடலை யார் பராமரிப்பது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தன்னார்வலர்களால் நேரம் தர முடியும், ஆட்களைத் திரட்ட முடியும். காலியாகக் கிடக்கும் பூங்காவுக்கு உயிர் கொடுக்க முடியும். பாதை போடுவதும், விளக்கு மாட்டுவதும், கழிவறை கட்டுவதும் அவர்கள் வேலை இல்லை. அதுக்குத்தானே வரி கட்டுகிறோம்! 'அதான் தன்னார்வலர்கள் பார்த்துக்கறாங்களே' என்று அரசு கையைக் கழுவினாலும் தப்பு. 'அதான் இலவசமாச்சே' என்று நாம் அலட்சியமாக இருந்தாலும் தப்பு.

அடுத்த முறை உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்தால், ரோடு, தண்ணீரோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: 'நம்ம பார்க்குக்கு இந்த வருஷம் எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க?'