செண்டாடும் வெளி

விளையாடுவோனை மெச்சும் எம்மவர், விளையாட்டைப் பார்ப்போனை மெச்சுவதில்லை. ஆடினால் உடல் உரம்பெறும். படித்தால் அறிவு வளரும். நண்பரோடு கூடி மைதானத்து ஓரத்தில் ஒரு பகற்பொழுதைக் கழிப்பதால் யாது பயன் என்று கேட்கும் ஆசிரியர் பலர் உளர். அவ்விளையாட்டு போலோவாக இருந்துவிட்டாலோ ஏளனம் இரட்டிக்கும். குதிரையேறிப் பந்தடிப்பது சீமான்களின் பொழுதுபோக்கு. அதைக் கண்டு களிப்பது சீமான்களுக்குக் கைதட்டும் வேலை என்பர். இவ்விரு கருத்துக்களும் பொருந்தா என்பதே ஈண்டு நாம் சொல்ல வந்தது.

போலோவைச் சீமான்களின் ஆட்டமென எம்மவர் எண்ணுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. காலிமுகத்திடலில் ஆங்கிலேயர் ஆடிய ஆட்டங்களுள் அதுவும் ஒன்று. ஆயின், அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் யாவர் என்று நோக்கினால் கதை வேறாகிறது. போலோ என்னும் பெயரே பால்ட்டி மொழியில் பந்தைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. இன்றைய ஆட்டமோ மணிப்பூரிலிருந்து உலகெங்கும் பரந்தது. அங்கே அதன் பெயர் 'சகோல் காங்ஜெய்'. சகோல் என்றால் குதிரை. 1859ஆம் ஆண்டில், அசாமின் கச்சார்ப் பகுதியிலுள்ள சில்சாரில், தேயிலைத் தோட்டத்துத் துரைமாரும் படை அதிகாரிகளும் மணிப்பூரியர் ஆடக்கண்டு ஆசைகொண்டு ஒரு கழகம் நிறுவினர். 1862இல் கல்கத்தாவிலும் ஒரு கழகம் எழுந்தது. 1869இல் ஆட்டம் இங்கிலாந்தை அடைந்தது.

இவ்வாட்டத்துக்குத் தமிழில் பெயர் தேடுவோருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. செண்டு என்னும் சொல் பந்தையும் குறிக்கும். குதிரை பழக்கும் வெளியையும் குறிக்கும். திருவிளையாடற் புராணத்தில் உக்கிரகுமார பாண்டியன் மேருவை அடித்த கருவியும் செண்டே. பந்தும் களமும் கருவியும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன! இதைப் பற்றிக்கொண்டு, போலோ எங்கள் ஆட்டமென மேடையேறி முழங்க வேண்டியதில்லை. நல்ல சொல்லொன்று கைவசம் இருக்கிறது என்ற மகிழ்ச்சியோடு அமைவோம்.

மேனாட்டுக்குப் போன ஆட்டம் சீமான்களின் கையில் எவ்வாறு சிக்கியது? அதன் விதிகளைப் பார்த்தால் விளங்கும். அங்கே அணிக்கு நால்வர். ஆட்டம் ஏறக்குறைய ஏழேழு நிமிடப் பகுதிகளாக நடைபெறும். பகுதிக்குப் பகுதி குதிரையை மாற்றுவர். ஆகவே, ஆட விரும்புபவனுக்கு ஒரு குதிரை போதாது. பல குதிரைகளும், அவற்றைப் பேணும் ஆட்களும், லாயமும் வேண்டும். 1900 முதல் 1936 வரை ஐந்து ஒலிம்பிக் விழாக்களில் இடம்பெற்ற போலோ, அதன்பின் அங்கே ஆடப்படவில்லை.

மணிப்பூரின் மரபான ஆட்டத்தில் அணிக்கு எழுவர். பிரம்புக் கோல், மூங்கில் வேரில் கடைந்த பந்து, தலையில் பாகை, வெறுங்கால், ஏறுவது மட்டக்குதிரை. கோல் கம்பங்கள் கிடையா. எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்து எவ்விடத்திற் கடந்தாலும் வெற்றிப் புள்ளியே. இதனாற் பார்ப்போருக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. கோட்டோரத்தில் இருப்பவன் ஒவ்வொருவனும் தன்னையே நடுவனாக எண்ணிக்கொள்வான். நால்வர் நண்பராய்ச் சென்றால், ஒருவன் குதிரையின் நடையை விளக்குவான்; ஒருவன் விதியை ஓதுவான்; ஒருவன் பழைய ஆட்டக்காரரின் புகழ் பாடுவான்; ஏதுமறியாத நான்காமவனே எல்லாரிலும் உரக்க ஆர்ப்பரிப்பான். தோற்ற அணியின் நல்லடி ஒன்றை வென்ற அணியின் அன்பர்கள் தம்மை மறந்து மெச்சும் கணமும் ஆங்கே வாய்க்கும். எதிரியின் திறமையைப் பாராட்டும் பண்பை இதனிலும் எளிதாகப் புகட்டும் பாடநூல் எது?

இம்பால் நகரின் களங்களே எமது வாதத்துக்குச் சான்று. காங்லாக் கோட்டைக்குள்ளே இருப்பது மனுங் காங்ஜெய்புங். அரச குலத்தார் ஆடிய உட்களம். கோட்டைக்கு வெளியே இருப்பது மாபல் காங்ஜெய்புங்; பொதுமக்கள் கூடும் வெளிக்களம். இன்றும் ஆட்டம் நடைபெறும் போலோ மைதானங்களுள் உலகிலேயே மிகத் தொன்மையானது என்று போற்றப்படுவது இந்த வெளிக்களமே. ஆட்டக்காரர் ஆட, ஊரார் தலைமுறை தலைமுறையாக வந்து அமர்ந்து பார்த்தமையாலேயே அதற்கு அப்பெருமை கிடைத்தது என்பது எமது துணிபு. பார்ப்போர் வீணரல்லர், ஆட்டத்தைக் காத்தவர்களுள் அவர்களும் ஒரு சாரார்.

அக்காவலுக்கு இன்று ஊறு நேர்ந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 1,898 ஆக இருந்த மணிப்பூர் மட்டக்குதிரைகள், 2019இல் 1,089 ஆகக் குறைந்தன. அவை மேய்ந்த சதுப்புநிலங்களும் புல்வெளிகளும் கட்டடங்களாக மாறின. மேய்ச்சலற்ற குதிரைகள் நகரத் தெருக்களிற் குப்பையைக் கிளறி இரை தேடலாயின. அவற்றைக் காக்க 2016இல் அரசு ஒரு கொள்கை வகுத்தது. 2023 ஜனவரியில், ஹெய்ங்காங்கில் உள்ள மார்ஜிங் குன்றின்மீது ஏறக்குறைய 120 அடி உயரமுள்ள போலோ வீரன் சிலையொன்று திறந்துவைக்கப்பட்டது. சிலை எழுப்புவதில் எமக்குப் பகையில்லை. ஆனால் சிலைக்குதிரைக்குப் புல் வேண்டாம், உயிர்க்குதிரைக்கு வேண்டும். நிலத்தை விட்டுக்கொடுப்பதிலும் கல்லையும் உலோகத்தையும் உயர்த்துவது ஆள்வோருக்கு எளிது. இஃது எந்த நாட்டுக்கும் பொதுவான நோய்.

அதே ஆண்டு மே 3ஆம் திகதி மணிப்பூரில் மெய்தெய் மக்களுக்கும் குக்கி மக்களுக்குமிடையே மூண்ட கலவரத்தில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறக்குறைய 60,000 பேர் வீடுவாசல் இழந்தனர். மைதானத்தில் கூடிவிட்டாற் பகை தீருமென்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது மாண்டவரை எள்ளுவதாகும். அண்டை வீட்டானைக் கண்டு அஞ்சும் ஊரில், அவனருகே அமர்ந்து ஒரு பந்தைப் பார்த்திருப்பதும் இயலாதுபோகிறது என்பதையே சுட்டுகிறோம். நண்பரோடு களித்த ஒரு பகற்பொழுதின் விலை, அது இல்லாது போகும்போதே தெரியவருகிறது. கலவரம் கண்ட எமது நாட்டில் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆதலால், ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணாக்கரை ஆடச் சொல்லுங்கள். அதனோடு, கூடியிருந்து பார்க்கவும் பழக்குங்கள். போலோதான் வேண்டுமென்பதில்லை; ஊர்த் திடலின் உதைபந்தாட்டமும் போதும். அத்திடலின் ஒரு மூலையிற் கட்டடம் எழுப்ப எவரேனும் அளவுநூல் பிடித்து வரும்போது, அங்கே களித்த நாட்களை நினைந்து மறித்து நிற்கும் நாலு பேராவது ஊரில் இருப்பர்.