கண்ணீர் வராத செபம்

செபத்தில் உள்ளம் உருகாவிட்டால் விசுவாசத்தில் ஏதோ கோளாறு என்ற எண்ணம் கத்தோலிக்கர் நடுவே ஆழமாக வேரூன்றிவிட்டது. அண்மையில் ஒரு தியானக் கூட்டத்தில், செபம் வறண்டுபோனவர்கள் தாங்கள் மறைத்து வைத்திருக்கும் பாவத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் முழங்கினார்கள். அதைக் கேட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர்கள், வேலை முடிந்து களைத்து வந்தும் செபமாலையை விடாதவர்கள். அவர்களைக் குற்றவாளிகளாக்கும் இந்தப் பேச்சு திருச்சபையின் போதனை அல்ல.

புனித குழந்தை இயேசுவின் தெரேசாவிடம் எந்தப் பாவத்தைத் தேடுவது? 1888 ஏப்ரலில், 15 வயதில், பிரான்சின் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர் அவர். தியான நேரத்திலும் நற்கருணைக்குப் பிந்திய நன்றி செபத்திலும் அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஏழு ஆண்டுகளாக இப்படித்தான் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். தனியாகச் செபமாலை சொல்வது அவருக்கு உடலை வருத்தும் தவத்தைவிடக் கடினமாக இருந்தது. மாலைத் தியானத்தில் பின்னால் உட்கார்ந்த ஒரு சகோதரி ஓயாமல் ஒரு சிறு சத்தம் எழுப்புவார். அதைப் பொறுக்கப் பொறுக்கத் தெரேசாவுக்கு வியர்த்துவிடும். திரும்பி முறைக்கவில்லை, அந்தச் சத்தத்தையே இன்னிசையாகக் கேட்டு இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். 1890இல் வார்த்தைப்பாட்டுக்கு முந்திய தியானமும் முழு வறட்சி. 1896 உயிர்ப்புக் காலத்தில் கவிந்த விசுவாச இருள், 1897 செப்டம்பர் 30 அன்று 24 வயதில் இறக்கும்வரை பெரும்பாலும் விலகவில்லை. அந்தத் தெரேசாவைத்தான் திருச்சபை 1925இல் புனிதராக்கியது, 1997இல் மறைவல்லுநராக அறிவித்தது.

தூங்கியதற்காக அவர் மனம் சோர்ந்துவிடவில்லை என்பதுதான் முக்கியம். எல்லாப் பூவும் ரோசாவாக விரும்பினால் வசந்தத்தின் அழகே போய்விடும், சின்னப் பூவும் கடவுள் படைத்ததுதான் என்று தம் தன்வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுதினார். கடவுள் தம்மை எப்படிப் படைத்தாரோ அப்படியே அவர்முன் போய் நின்றார்.

தியானக் கூட்ட மேடைகள் இப்படி இயல்பாக நிற்பதற்கு இடம் தருவதில்லை. கை உயர்த்தி உரக்கக் கத்துபவருக்கு ஆவியின் கொடை, வாய் திறவாமல் நற்கருணைப் பேழைமுன் உட்கார்பவருக்கு ஆன்மிக மந்தம்! இயல்பிலேயே அமைதியானவரை அழவைத்துச் சாட்சி சொல்லச் செய்வது அவரைப் படைத்தவருக்கே அவமதிப்பு. வறட்சி எல்லாமே பாவத்தின் அடையாளமும் அல்ல. கார்மேல் துறவியான புனித சிலுவை யோவான் 16ஆம் நூற்றாண்டிலேயே செப வறட்சியைப் பாவத்தால் வருவது, உடல் மனச் சோர்வால் வருவது, கடவுளே நடத்திச் செல்வது என்று பிரித்துக் காட்டினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், உண்மையாகச் செபிக்க விரும்புகிறவர்களுக்குக் குறிப்பாக வறட்சி வரும் என்று 2731ஆம் பத்தியில் கூறுகிறது.

வறட்சியைப் பாவமாக்குவதைவிடக் கொடுமை, மனச்சோர்வு நோயால் தூக்கமும் பசியும் இழந்தவரிடம் இன்னும் ஒரு நவநாள் செபம் சொல்லச் சொல்லி அனுப்புவது. அவருக்குத் தேவை மனநல மருத்துவர். நோய்க்கு மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்ல எந்தப் போதகருக்கும் அதிகாரம் இல்லை.