உங்கள் நிறுவனம் எது?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீக்கடை வாசல். நைட் ஷிப்ட் முடித்து வந்த என் சித்தி மகள், டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அண்ணா, சோஷியல் பாலிசினு ஒரு படிப்பு இருக்காமே. அதை நான் படிக்க முடியுமா?"

நான் சொன்ன பதிலை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "அதெல்லாம் சோறு போடாதும்மா. பைத்தான் கத்துக்கோ. லிங்க் அனுப்புறேன்."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிரானது. அதைச் சொன்னவன் நான் என்பதால் எனக்கு எதிரானதும்தான். ஆனால் வாசிக்கிற நீங்களும் தப்பிக்க வேண்டாம். ஐடியில் வேலை செய்துகொண்டு, இரவில் இலக்கியம் படித்துக்கொண்டு, ஏற்றத்தாழ்வு என்றால் மனம் கசிகிற நம்மில் பத்துப் பேரிடம் அவள் கேட்டிருந்தால் எட்டுப் பேர் இதையேதான் சொல்லியிருப்போம்.

அவள் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 'லைன்' வேலை. தங்குவது ஹாஸ்டல். பிடித்தம் எல்லாம் போகக் கையில் வருவது பதினாலாயிரத்துச் சொச்சம், அதில் பாதிக்கு மேல் வீட்டுக்கு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் வரை ஒருமுறை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். நெற்றியில் கம்பெனிப் பெயர் ஒட்டிய பஸ்களில், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இவள் வயதுதான்.

சமூகக் கொள்கை என்கிற வார்த்தை அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்பது முக்கியம். கையில் டேப்லெட்டோடு ஒரு ஆராய்ச்சி மாணவி ஹாஸ்டலுக்கு வந்திருக்கிறார். நாற்பது நிமிஷக் கேள்விகள். எத்தனை மணி நேரம் நிற்கிறாய், வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாய், இடைவேளை எத்தனை நிமிஷம். எல்லாம் முடிந்ததும் இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். "அக்கா, பிரேக் எத்தனை நிமிஷம்னு கேட்டீங்க. டாய்லெட் க்யூல நிக்கிறது அதுல சேருமா சேராதா? நான் பத்து நிமிஷம்னு சொன்னேன். ஆனா உக்காந்தது மூணு நிமிஷம்தான்." அந்தப் பெண் நல்லவர், உடனே அதைக் குறித்துக்கொண்டாராம். 'நீங்க என்ன படிச்சிருக்கீங்க' என்று இவள் கேட்க, அவர் சொன்ன பதில்தான் அந்தப் படிப்பு.

கவனியுங்கள். பட்டம் பெற்றவரின் கேள்வித்தாளில் இருந்த ஓட்டையை, கேள்வி கேட்கப்பட்டவள் கண்டுபிடித்துத் தருகிறாள். திருத்தியவள் அந்த ஆய்வில் ஒரு வரிசை எண். திருத்தம் பெற்றுக்கொண்டவர் ஆய்வாளர். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வழக்கமே அப்படித்தான் இருக்கிறது.

இப்போது என் கதை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று யாரும் சரியாகச் சொல்லாததால் மற்ற பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு ராத்திரி முழுக்க வண்டி நகரவில்லை. எங்களுக்கு மனசு கேட்கவில்லை. நாங்கள் என்ன செய்வோம்? ஆப் செய்வோம். அடுத்த சில மாதங்களில் ஒரு ஹாக்கத்தானில் நாலு பேர் சேர்ந்து விடுதிப் புகார் ஆப் ஒன்றைச் செய்தோம். தமிழில் பேசினாலே புகாராகப் பதிவாகும். இரண்டாம் பரிசு, ஆளுக்கொரு புளூடூத் ஸ்பீக்கர்.

சித்தி மகள் வேலைக்குச் சேர்ந்த பிறகு பெருமையாக அதைக் காட்டினேன். முதல் திரையிலேயே அவள் விரல் நின்றுவிட்டது. அங்கே ஒரு டிராப்டவுன்: 'உங்கள் நிறுவனம்'.

"இதுல எதைப் போடணும்ணா? சம்பளம் போடுறது ஒரு ஏஜென்சி. ஹாஸ்டல் வேற காண்ட்ராக்டர். பஸ்ஸு இன்னொருத்தரு. கேட்டுல இருக்கிற பேரு எங்க யாரோட ஆஃபர் லெட்டர்லயும் கிடையாது."

நாலு பொறியாளர்கள், இரண்டு நாள், ஆயிரக்கணக்கான வரி கோட். முதல் கேள்வியே தப்பு. புகார் சொல்ல வழியில்லாததுதான் பிரச்சினை என்று நாங்களாக முடிவுகட்டியிருந்தோம். அவர்களுக்குப் புகார் சொல்ல ஆயிரம் வழி தெரியும். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதைக் கலைத்துப் போட்டிருப்பதுதான் பிரச்சினை. அது தற்செயல் இல்லை. சட்டத்தின் வார்த்தைகளைப் படித்து, எங்கே வெட்டினால் எது உதிரும் என்று தெரிந்தவர்கள் கட்டிய அமைப்பு.

ஒரு உதாரணம். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981இலிருந்தே சட்டம் இருக்கிறது. அருமையான சட்டம். ஆனால் அது 'தொழிலாளி'க்கு. 1961ஆம் வருடத்து அப்ரெண்டிஸ் சட்டத்தின் 18ஆவது பிரிவு என்ன சொல்கிறது? அப்ரெண்டிஸ் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல, தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது என்கிறது. 2013இல் 'நீம்' என்று இன்னொரு திட்டம் வந்தது. அதில் சேர்ந்தவர்களும் பயிற்சியாளர்கள்தான். அவர்களுக்கு உதவித்தொகை இருந்தது, பி.எஃப். இல்லை. அதைக் கொண்டுவந்தது ஏ.ஐ.சி.டி.இ. பொறியியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அதே அமைப்பு. ஒருபுறம் என் கல்லூரிக்கு அனுமதி கொடுத்த கை, மறுபுறம் என் வயதுப் பையன்களை லைனில் நிறுத்தி 'மாணவர்' என்று பெயர் எழுதிக்கொண்டிருந்தது. நான்கு வருடம் பொறியியல் படித்த எனக்கு இது தெரியாது. எந்த செமஸ்டரிலும் இது பாடமாக வரவில்லை.

2025 நவம்பரில் 29 மத்தியச் சட்டங்களை 4 தொகுப்புகளாகச் சுருக்கி அமலாக்கிவிட்டார்கள். அப்ரெண்டிஸ் சட்டம் அந்த 29இல் சேரவில்லை, தனியாகவே இருக்கிறது. ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிவதுதான் சமூகக் கொள்கைப் படிப்பு. 'சமூகத்துக்கு ஏதாவது செய்யணும்' என்கிற ஈரமான மனசு அதற்கு அவசியமில்லை. எந்த வார்த்தை யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்று பார்க்கிற கண் வேண்டும். அந்தக் கண் லைனில் நின்றவளுக்கு ஏற்கெனவே திறந்திருக்கிறது. நமக்குத்தான் திறக்கவில்லை.

சரி, யார் படிக்கிறார்கள்? அடையாறில் 1971இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான், ஆனால் அது முனைவர் பட்ட ஆய்வுக்கான இடம். மற்ற இடங்களிலும் முதுகலைக்குள் நுழைய நல்ல ஆங்கிலம் வேண்டும், பகல் முழுக்க ஓய்வாக இருக்க வேண்டும், எழுதித்தரத் தெரிந்த ஒரு அண்ணன் வேண்டும். 2022இல் தமிழ்நாடு அரசு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. 30 இளைஞர்கள், இரண்டு வருடம், அரசுத் திட்டங்களோடு வேலை, கூடவே பொதுக் கொள்கையில் சான்றிதழ். நல்ல திட்டம், தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட நிபந்தனை வைத்தார்கள். ஆனால் தகுதியைப் பாருங்கள். பொறியியல், மருத்துவம் மாதிரித் தொழிற்கல்வி என்றால் இளநிலையில் முதல் வகுப்பு போதும். கலை, அறிவியல் என்றால் முதுநிலை வேண்டும். அதாவது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்த நான் சமூகத் திட்டத்தை ஆராயத் தகுதியானவன். கணிதம் படித்துவிட்டு, அந்தத் திட்டங்களுக்குள்ளேயே வாழ்கிற அவள் இன்னும் இரண்டு வருடம் படித்துவிட்டு வர வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. இந்த மாநிலத்தில் சமூகப் பணி படித்தவர்களுக்கு உறுதியான வேலைச் சந்தை எது தெரியுமா? தொழிற்சாலை ஹெச்.ஆர். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றது. அதற்குச் சமூக அறிவியல் படிப்பைத் தகுதியாக வைத்தார்கள். நோக்கம் நல்லதுதான், உள்ளே தொழிலாளியின் பக்கம் பார்க்க ஒரு ஆள். ஆனால் அவரை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் முதலாளி. எம்.எஸ்.டபிள்யூ. முடித்த என் நண்பர்கள் ஒரகடத்தில் இருக்கிறார்கள். வகுப்பில் பாவ்லோ ஃப்ரெய்ரே படித்துவிட்டு வந்து, காலையில் யார் யார் லீவு என்று எக்செல் ஷீட் நிரப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வீட்டு லோன் எனக்கும் இருக்கிறது.

இங்கே என் தோழர் ஒருவர் கோபப்படுவார். "படிச்சவன் எதை மாத்தினான்? ரோட்டுல உக்காந்தவங்கதான் மாத்தினாங்க." பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்த இரவு நெடுஞ்சாலை நிற்கவில்லை என்றால், 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 706.50 கோடி செலவில் அரசு திறந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் மீதிப் பாதி இருக்கிறது. பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918இல் பி.பி. வாடியா முதலானோர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கத் தலைவர்கள் மேலேயே தடையாணை வாங்கியது. அதைப் பார்த்து 1921இல் மத்திய சட்டமன்றத்தில் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தவர் என்.எம். ஜோஷி. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. போராட்டம் கதவைத் தட்டியது, வாசகம் எழுதத் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்தார். இரண்டில் ஒன்று போதும் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஏனென்றால் ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 2024இல், இதே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் பந்தலில் உட்கார்ந்தார்கள். சம்பளமும் கேட்டார்கள், ஆனால் கடைசிவரை இழுத்தது சங்கப் பதிவு. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் அந்தப் பதிவு கிடைத்தது.

அம்பேத்கரை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. நியூயார்க்கிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்தவர், 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிற வரம்பு 1946 திருத்தத்தில் வந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, அந்த எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாக நீட்ட வழி செய்யும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். பத்து நாள்தான். அந்தப் பத்து நாளும் என் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு என்று ஸ்டிக்கர் அனுப்பிக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்வது என்னவென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் அந்தக் குழுவில் இல்லை.

அதனால் கேட்கிறேன். ஏன் இந்தப் படிப்பு ஸ்ரீபெரும்புதூரில் இல்லை? தமிழில் இல்லை? மூன்று ஷிப்ட்டில் ஓடும் ஊரில் மூன்று ஷிப்ட்டுக்கும் வகுப்பு நடத்தினால் என்ன? ஆக்ஸ்ஃபோர்டில் 1899லேயே தொழிலாளர்களுக்கென்று ரஸ்கின் கல்லூரி திறந்தார்கள். 1909இல் அங்கே மாணவர்கள், என்ன பாடம் நடத்துவது என்பதற்காகவே ஸ்ட்ரைக் செய்தார்கள். வாழ்க, அப்படிப்பட்ட மாணவர்கள் வேண்டும். சென்னையில் அரசே நடத்தும் தொழிலாளர் கல்வி நிலையம் பல வருடங்களாக இருக்கிறது, வார இறுதியில் தொழிலாளர் சட்டப் பட்டயம்கூட உண்டு. அதன் ஒரு கிளையை வல்லம் வடகால் குடியிருப்பின் தரைத்தளத்தில் வைக்க எத்தனை கோடி ஆகும்? கட்டில் கொடுத்தாகிவிட்டது. கட்டிலில் படுத்திருப்பவளுக்கு ஹாஸ்டல் விதிகளை யார், எதை வைத்து எழுதினார்கள் என்று கேட்கவும் கற்றுக்கொடுக்கலாமே.

படித்துவிட்டு அவளும் ஹெச்.ஆர். ஆகிவிட்டால்? ஆகட்டும். வீட்டுக்குக் கூடுதலாக அனுப்புவாள். ஏழைப் பெண் படித்தால் புரட்சியாளராகத்தான் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நம் வர்க்கத் திமிர்தான். நான் பொறியியல் படித்தபோது யாரும் என்னிடம் நாட்டைக் காப்பாற்றுவாயா என்று கேட்கவில்லை.

பைத்தான் லிங்க்கை அவள் திறக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அவளே ஒரு பல்கலைக்கழகத்தின் முதுகலை விண்ணப்பத்தை அனுப்பினாள். ஏன் இந்தப் படிப்பு என்று 500 வார்த்தைக்குள் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் போட்டேன். 'ஏற்றத்தாழ்வைக் குறைக்க உதவ விரும்புகிறேன்' என்று நானாக ஒரு வரி சேர்த்திருந்தேன். அதை அடிக்கச் சொன்னாள். "நான் யாருக்குண்ணா உதவப் போறேன்? எனக்கு எங்க கம்பெனி எதுன்னு தெரியணும், அவ்ளோதான். அதை எழுது."

எழுதினேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அந்த வாரம் அவளுக்கு ஏ ஷிப்ட். லீவு கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.